கற்பனைப் போர்களில் எல்லைக் கோட்டைகள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

முன்னுரை

கோட்டை என்றதும் நம் கண்முன் தோன்றுவன உயர்ந்த மதிலும் ஆழ்ந்த அகழியும் இரும்புப் பூண் போட்ட கதவுமே. வரலாற்றுப் பாடத்தில் நாம் படித்த கோட்டைகள் பல. ஆனால் இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்ட கோட்டைகள் இவ்வுலகில் எங்கும் இல்லாதவை. எழுத்தாளர்களின் உள்ளத்தில் எழும்பிய கற்பனைக் கோட்டைகள். இல்லாத கோட்டையைப் பற்றி எழுதி என்ன பயன் என்று நண்பர்கள் கேட்கலாம். கணக்குப் படிக்கும் மாணவனாகிய எனக்கு அக்கேள்விக்கு விடை எளிது. இல்லாத முக்கோணத்தைக் கரும்பலகையில் வரைந்துதான் இருக்கும் நிலத்தை அளக்கக் கற்கிறோம். அதுபோல, கற்பனைக் கோட்டையில் உண்மைப் போரின் விதிகளைத் தெளிவாகக் காணலாம்.

நான் இந்நூல்களைத் தேடிப் படித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் காட்டை ஒட்டிய சிற்றூர். அங்கே கோட்டை இல்லை, பரண் உண்டு. கடலை முற்றும் காலத்தில் காட்டுப் பன்றி இறங்கும். சில இரவுகளில் யானையும் வரும். நான்கு கால் நட்டு, மேலே கழி பரப்பி, கூரை வேய்ந்த பரண்மீது இரவெல்லாம் விழித்திருப்பது எங்கள் குடும்பத்தின் தொழில். எல்லைக் காவல் என்றால் என்ன என்பதை நூலில் படிக்கும் முன்பே நான் பரணில் அறிந்தேன். அதில் ஒருமுறை தவறியும் இருக்கிறேன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆங்கில நாவல் படிப்பது எனக்கு எளிதன்று. நம் கல்லூரி நூலகத்தில் டோல்கீன் எழுதிய ‘மோதிரங்களின் தலைவன்’ என்னும் பொருள்படும் பெருங்கதையை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டு மாதங்களில் படித்து முடித்தேன். 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்த நூல் அது. அதிலுள்ள கோட்டைகளையே இங்குப் பெரிதும் ஆராய்கிறேன்.

ஆசிரியரும் போர்க்களமும்

டோல்கீன் (1892–1973) இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் மொழிப் பேராசிரியராக விளங்கியவர். போரைப் புத்தகத்தில் மட்டும் கண்டவர் அல்லர். முதல் உலகப் போரில், 1916ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் சோம் களத்தில் செய்தித் தொடர்பு அலுவலராகப் பணியாற்றினார். முன்னணியில் நடப்பதைப் பின்னால் இருப்போருக்கு உரிய நேரத்தில் அறிவிப்பதே அப்பணியின் நோக்கம். அவர் கதையில் கோட்டைகளைவிடச் செய்தியும் நேரமும் முதன்மை பெறுவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாகலாம் என்பது என் எண்ணம்.

கதையின் களத்தைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். மேற்கே கோண்டோர் என்னும் பழைய அரசு. கிழக்கே மலைகள் சூழ்ந்த மோர்டோர். அது சவுரோன் என்னும் தீய தலைவனின் நாடு. இரண்டுக்கும் இடையே ஆண்டுயின் என்னும் பேராறு. வடமேற்கே குதிரை வீரர்களின் நாடாகிய ரோகன். அது கோண்டோரின் நட்பு நாடு. இந்த எல்லைகள் நெடுகிலும் கோட்டைகள் நிற்கின்றன.

கோட்டை எதைத் தருகிறது?

கோட்டை பகைவனைத் தடுத்து நிறுத்தும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் எந்தக் கோட்டையும் பகைவனை என்றென்றைக்கும் நிறுத்தி வைப்பதில்லை. பிரெஞ்சு நாட்டுக் கோட்டைப் பொறியாளர் வோபான் (1633–1707) எத்தனையோ கோட்டைகளைக் கட்டியவர். எத்தனையோ கோட்டைகளைப் பிடித்தவர். நன்கு கட்டிய கோட்டையொன்றை முறையாக முற்றுகையிட்டால் அது பணியச் சுமார் 48 நாட்கள் ஆகும் என்று அவர் நாள்வாரியாகக் கணக்கிட்டுக் காட்டினார். கட்டியவரே அது விழும் நாளையும் குறித்தார்! அப்படியானால் அவர் ஏன் கட்டினார்? அந்த நாட்களுக்காகத்தான். எல்லைக் கோட்டை அரசனுக்கு வாங்கித் தருவது வெற்றியை அன்று, நேரத்தை.

இதனை ஒரு சிறு கணக்காக எழுதலாம். கோட்டை தாங்கும் காலம் ‘தா’ என்க. ஆபத்துச் செய்தி நட்புப் படைக்குச் சென்று சேரும் காலம் ‘செ’. அப்படை திரளும் காலம் ‘தி’. அது வந்து சேரும் காலம் ‘வ’. செ + தி + வ என்னும் கூட்டுத்தொகையைவிட ‘தா’ குறையாமல் இருந்தால் கோட்டை பிழைக்கும், குறைந்தால் விழும். மதிலை உயர்த்தினால் ‘தா’ பெருகும். ஆனால் அதற்குப் பொருட்செலவு மிகுதி. தீப்பந்தமும் விரைந்த குதிரையும் இருந்தால் ‘செ’ குறையும். அதற்கு ஆகும் செலவு சிறிது. அறிவுள்ள அரசன் இரண்டையும் செய்வான்.

டோல்கீன் கதையில் இக்கணக்கு அப்படியே நிகழ்கிறது. கோண்டோரின் தலைநகரான மினாஸ் திரித்திலிருந்து ரோகன் எல்லைவரை ஏழு குன்றுகளில் அடையாளத் தீ மூட்ட ஏற்பாடு உண்டு. அழைப்பு வந்தபின் ரோகனின் ஆறாயிரம் குதிரை வீரர்கள் மூன்றாம் ஊழி 3019ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் புறப்படுகின்றனர். 15ஆம் நாள் விடியலில் வந்து சேர்கின்றனர். அந்த ஐந்து நாட்களையும் யாரேனும் விலை கொடுத்து வாங்கியாக வேண்டும். வாங்கியவர்கள் எல்லைக் காவலர்கள். ஆற்றங்கரையில் ஆஸ்கிலியத் என்னும் இடிந்த நகரத்தையும், அதன் பின்னுள்ள சாலைக் கோட்டைகளையும் ஃபாராமிர் என்னும் தளபதி தன் சிறுபடையுடன் காத்து நின்றான். 12ஆம் நாள் ஆற்றங்கரையிலிருந்து பின்வாங்கினான், 13ஆம் நாள் காயமுற்று வீழ்ந்தான், வெளிமதிலும் உடைந்தது. 14ஆம் நாள் நகரம் முற்றுகையிடப்பட்டது. 15ஆம் நாள் விடியும் முன்னர் நகரின் பெருங்கதவு நொறுங்கியது. அதே வேளையில்தான் ரோகனின் ஊதுகொம்புகள் ஒலித்தன.

ஒரே ஒரு நாள் குறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குதிரைப்படை வந்து கண்டிருப்பது எரிந்த நகரத்தைத்தான். ஆஸ்கிலியத் வீழ்ந்தது உண்மை. ஆனால் வீழ்வதற்கு முன் அது தன் கடமையைச் செய்துவிட்டது. வீழ்ந்த கோட்டைகளையெல்லாம் தோற்ற கோட்டைகள் என்று எழுதுவது தவறு என்பதை இங்கே உணர்ந்தேன்.

நீளமா, குறுக்கமா?

எல்லை முழுவதும் மதில் எழுப்பிவிட்டால் கவலை இல்லை என்று தோன்றும். அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மினாஸ் திரித்தைச் சூழ்ந்த வயல்வெளியை வளைத்து ஒரு வெளிமதில் இருந்தது. அதன் நீளம் பத்து லீக்குக்கு மேல் என்கிறார் ஆசிரியர். ஒரு லீக் மூன்று மைல் எனக் கொண்டால் முப்பது மைல், அதாவது ஏறத்தாழ 48 கிலோமீட்டர். தென்னாட்டுச் சிற்றரசர்கள் நகரைக் காக்க அழைத்து வந்த படையோ மூவாயிரத்துக்கும் குறைவு. அவர்களை மட்டும் அம்மதில்மேல் வரிசையாக நிறுத்தினால் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே 16 மீட்டர் இருக்கும். இரவில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அந்த மதில் ஒரே நாளில் உடைந்ததில் வியப்பில்லை.

இதற்கு மாறாக ரோகன் நாட்டின் ஹெல்ம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். இருபுறமும் மலை, நடுவே குறுகிய வாய், அதன் குறுக்கே இருபது அடி உயர மதில். அதன்மேல் நால்வர் இணையாக நடக்கலாம். பக்கத்துப் பாறைமேல் ஹார்ன்பர்க் கோட்டை. பின்னுள்ள குகைகளில் பெண்டிரும் பிள்ளைகளும் உணவும் கால்நடைகளும். காத்தவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். எதிர்த்து வந்தவர்கள் பத்தாயிரத்துக்குக் குறையாதவர்கள். ஆயினும் கோட்டை ஓர் இரவு தாங்கியது. விடியலில் காண்டால்ஃப் என்னும் பெரியவர் ஆயிரம் வீரர்களுடன் பகைவரின் பின்புறம் தோன்றினார், போர் முடிந்தது. இயற்கை பாதி மதிலைக் கட்டித் தந்த இடத்தில் மனிதன் மீதியைக் கட்டினால் போதும்.

திருக்குறளில் அரண் என்றே ஓர் அதிகாரம் உண்டு. நீர், நிலம், மலை, காடு என்னும் நான்கையும் அரணாக வள்ளுவர் எண்ணுகிறார். மதிலுக்கு முன்பே இயற்கையை அவர் வைத்தது எத்துணைப் பொருத்தம்!

ஹெல்ம் பள்ளத்தாக்கிலும் ஒரு குறை இருந்தது. மதிலின் அடியில் ஓடை நீர் வெளியேற ஒரு மதகு உண்டு. பகைவர் முதலில் அதன் வழியே ஊர்ந்து நுழைந்தனர். பிறகு அங்கேயே வெடிவைத்து மதிலைத் தகர்த்தனர். எவ்வளவு பெரிய மதிலானாலும் அதன் வலிமை அதன் மிகச் சிறிய ஓட்டையின் வலிமையே.

சுற்றிப் போனால்?

கோட்டையைத் தாக்காமல் சுற்றிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? பிரான்சு நாடு 1930களில் செருமானிய எல்லையில் மாழினோ அரண்வரிசையைப் பெரும் பொருட்செலவில் கட்டியது. 1940 மே மாதம் செருமானியப் படை அதன் முக்கியப் பகுதியை நேராக மோதாமல் ஆர்டென் காட்டுப் பகுதி வழியாகப் புகுந்தது. போர்நிறுத்தம் வந்தபோது அக்கோட்டைகளில் பெரும்பாலானவை வீழாமலே நின்றன, நாடுதான் வீழ்ந்துவிட்டது.

ஆகவே எல்லைக் கோட்டைக்குள் இருப்பவர்கள் வெளியே பாயவும் வல்லவர்களாக இருக்க வேண்டும். ஹார்ன்பர்க்கை அப்படியே விட்டுவிட்டுப் பகைவர் முன்னேறியிருந்தால், உள்ளிருந்த குதிரைப்படை அவர்கள் முதுகில் பாய்ந்திருக்கும். அதனால்தான் அதைத் தாக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு நேர்ந்தது. ஃபாராமிரின் வீரர்கள் அருவிக்குப் பின்னே ஒரு குகையில் மறைந்திருந்து, இருநூறு முந்நூறு பேராகவே பகைவரின் சாலையைத் தாக்கினர். அதுவும் ஓர் எல்லைக் கோட்டையே. அரண் அஞ்சி உள்ளிருப்போர்க்கு மட்டுமன்று, சென்று தாக்குவோர்க்கும் பயன்படும் என்பது வள்ளுவர் கருத்து. சுற்றிப் போகும் பகைவனைத் தொடர முடியாத கோட்டை வெறும் கற்குவியல்.

கோட்டை எப்படி இழக்கப்படுகிறது?

போரிட்டு இழந்த கோட்டைகளைவிட, போரின்றி இழந்த கோட்டைகளே இக்கதையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தன. அவை இருவகை.

முதலாவது, பிறரிடம் ஒப்படைத்து இழந்தது. ஐசன்கார்டு என்னும் கோட்டை கோண்டோர் கட்டியது. மேற்கு வாயிலைக் காக்க ஹார்ன்பர்க்கோடு இணையாக நின்றது. காவலுக்கு ஆள் குறைந்த காலத்தில், 2759ஆம் ஆண்டு, கோண்டோரின் ஆட்சிப் பொறுப்பாளர் அதன் திறவுகோல்களைச் சாருமான் என்னும் அறிஞனிடம் தந்தார். அவன் அன்று நண்பன். 260 ஆண்டுகள் கழித்து ஹெல்ம் பள்ளத்தாக்கைத் தாக்கிய பத்தாயிரம் பேரும் புறப்பட்டது அந்தக் கோட்டையிலிருந்துதான்! எல்லைக் காவலை நட்பை நம்பி முழுவதும் ஒப்படைப்பவன், திறவுகோலோடு நாட்டையும் ஒப்படைக்கிறான்.

இரண்டாவது, மறந்து இழந்தது. முன்னொரு காலத்தில் சவுரோனை வென்ற கோண்டோர், அவன் திரும்பாதபடி மோர்டோரின் வாயில்களிலேயே காவற் கோபுரங்கள் எழுப்பியது. 1636ஆம் ஆண்டு பெருங்கொள்ளைநோய் வந்தது. மக்கள் மாண்டனர். காவலர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர், கோபுரங்கள் வெறுமையாயின. ஒருவரும் படையெடுத்து அவற்றைப் பிடிக்கவில்லை. பகைவர் மெல்ல வந்து, திறந்து கிடந்த வீட்டில் குடிபுகுவதுபோல் குடிபுகுந்தனர். 2002ஆம் ஆண்டு, ஈராண்டு முற்றுகைக்குப் பின் எல்லை நகரமான மினாஸ் இதிலும் வீழ்ந்தது. கதையின் இறுதியில் சாம் என்னும் எளிய தோட்டக்காரன் மோர்டோர் எல்லையில் ஒரு கோபுரத்தைக் காண்கிறான். அது மோர்டோருக்குள் யாரும் நுழையாமலிருக்கக் கட்டியதன்று. மோர்டோரிலிருந்து யாரும் வெளியேறாமலிருக்கக் கட்டியது என்று அப்போது அவனுக்குப் புரிகிறது. நல்லவர் கட்டிய அதே கல், அதே மதில். காவல் மட்டும் கைமாறிவிட்டது.

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996இல் தொடங்கிய கதைத் தொடரிலும் இதே பாடம் உண்டு. ரோமானியர் கி.பி. 122இல் பிரிட்டனில் கட்டத் தொடங்கிய ஆட்ரியன் மதிலை அவர் 1981இல் நேரில் கண்டார்; அக்காட்சியே அவரது கதையில் வடஎல்லைப் பனிமதிலாயிற்று. அதன் நீளம் முந்நூறு மைல். உயரம் எழுநூறு அடி. அதை ஒட்டி 19 கோட்டைகள். ஆனால் ஆள் இருப்பது மூன்றில் மட்டுமே. முன்பு பத்தாயிரம் பேர் காத்த மதிலைக் கதை நடக்கும் காலத்தில் ஆயிரத்துக்கும் குறைவானவர்களே காக்கின்றனர். கணக்கிட்டால் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டருக்கு ஒருவரே. மதிலின் உயரம் குறையவில்லை. நாட்டின் நினைவு குறைந்துவிட்டது. நெடுங்காலம் பகைவர் வராததால், பகைவரே இல்லை என்று தலைநகரில் இருந்தோர் நம்பிவிட்டனர். காவல் நன்றாக நடந்ததனாலேயே காவல் தேவையில்லை என்று தோன்றிவிட்டது. இதைவிடப் பெரிய ஆபத்து எல்லைக் கோட்டைக்கு வேறில்லை.

என் பரண்

இனி என் கதை. சென்ற ஆண்டு ஐப்பசி மாதம் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்குக் காய்ச்சல். “இன்னிக்கு ராத்திரி நான் பரணுக்குப் போறேன்” என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கு முன் பத்து நாட்களாகப் பன்றி வரவில்லை. இனி வராது என்று எண்ணினேன். புத்தகமும் கைவிளக்கும் கொண்டு போனேன். நள்ளிரவுக்குப் பின் உறங்கிவிட்டேன்.

விடிந்து பார்த்தபோது அரை ஏக்கர் கடலை உழுது போட்டதுபோல் கிடந்தது. பரண் அப்படியே நின்றது. தட்டுவதற்கு வைத்த தகரமும் அப்படியே தொங்கியது. அப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து வரப்பில் நின்று பார்த்தார். என்னைத் திட்டவில்லை. “பரண் முழிச்சிருக்காதுடா, ஆளுதான் முழிச்சிருக்கணும்” என்று மட்டும் சொன்னார். அந்தப் பருவத்து விடுதிக் கட்டணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று.

கல்லூரிக்குத் திரும்பியபின் நூலகத்தில் அந்த வெறுமையான கோபுரங்களைப் பற்றிப் படித்தபோது என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. பத்து நாள் பன்றி வராததற்குக் காரணம் பன்றி இல்லாததன்று, அப்பா விழித்திருந்தது. இதனை நான் அறிந்துகொள்ள அரை ஏக்கர் கடலை விலையாயிற்று.

மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் யானை வந்தால் பரணில் இருப்பவர் யானையை விரட்டப் போவதில்லை. தகரத்தைத் தட்டுவார், கூவுவார். அடுத்த பரண் அதைக் கேட்டுத் தட்டும், அதற்கடுத்தது தட்டும். சிறிது நேரத்தில் ஊரே தீப்பந்தத்தோடு வந்து நிற்கும். கோண்டோரின் ஏழு குன்றுத் தீயும் எங்கள் ஊர்த் தகரமும் ஒன்றே. தனிப் பரண் யானைக்கு ஒரு துரும்பு; அடுத்த பரண் விழித்திருந்தால் அதுவே அரண்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன: எல்லைக் கோட்டை நேரத்தை வாங்கித் தருவது. அந்த நேரத்துக்குள் உதவி வராவிட்டால் மதிலால் பயனில்லை. நீண்ட மதிலைவிடக் குறுகிய வாயிலைக் காப்பது எளிது. வெளியே பாயும் வலிமையற்ற கோட்டையைப் பகைவன் சுற்றிக் கடப்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, காவலர் நீங்கிய கோட்டை பகைவனுக்குக் கட்டித் தந்த கோட்டையாகும். எத்துணை மாட்சி உடையதாயினும், செயல்மாட்சி இல்லாதவரிடத்து அரண் அரணாகாது என்றே வள்ளுவரும் தம் அதிகாரத்தை முடிக்கிறார்.

நண்பர்களே, நம்மில் பலர் நம் குடும்பத்தின் எல்லையில் நிற்கிறோம். நமக்கு முன் யாரும் இவ்வளவு தொலைவு வந்ததில்லை. நாம் இங்கே இருக்கும் இந்த மூன்று ஆண்டுகளை வீட்டில் ஒருவர் உறங்காமல் விலை கொடுத்து வாங்கித் தந்திருக்கிறார். அவர் வாங்கித் தந்த நேரம் வீணாகாமல் பார்த்துக்கொள்வது நம் காவல்.

இந்த ஐப்பசியிலும் ஊருக்குப் போவேன். கடலை விளைந்திருக்கும். பரணுக்குப் புத்தகம் கொண்டு போகமாட்டேன்.